சுவருக்கு உள்ளும் வெளியும்: ஓர் உயிலின் வரலாறு



உயில் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் பலர் முகம் சுளிப்பர். இறப்பைப் பற்றி வீட்டில் பேசுவதே அமங்கலம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. உயில் எழுதுவோரும் வீடு, நிலம், நகை ஆகியவற்றைத் தம் மக்களுக்குப் பங்கிடுவதோடு நிறுத்திக்கொள்கின்றனர். முன்பின் அறியாத ஆதரவற்ற குழந்தைகளுக்கு ஒரு பங்கை ஒதுக்கலாம் என்ற சிந்தனை அரிதாகவே எழுகின்றது. அவ்வாறு ஒதுக்கிய ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம். அதில் போற்றத்தக்கதும் உண்டு, நாணத்தக்கதும் உண்டு.

ஸ்டீபன் ஜிரார்டு 1750ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் பிறந்தவர். இளமையிலேயே கடலோடியானார். ஒரு கண்ணில் பார்வை இல்லை. 1776இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரை வந்தடைந்து, கப்பல் வணிகத்தாலும் வங்கித் தொழிலாலும் பெருஞ்செல்வம் ஈட்டினார். 1793இல் அந்நகரை மஞ்சள் காய்ச்சல் சூறையாடியபோது வசதி படைத்தோர் பலர் ஊரைவிட்டு ஓடினர். ஜிரார்டோ அங்கேயே தங்கி, நோயாளிகளுக்கான மருத்துவமனையைப் பொறுப்பேற்று நடத்தினார்.

அவருக்கு வாரிசு இல்லை. 1831 டிசம்பரில் அவர் மறைந்தபோது, செல்வத்தின் பெரும்பகுதி ஆதரவற்ற சிறுவர்களுக்கான உறைவிடப் பள்ளிக்கே எழுதப்பட்டிருந்தது தெரியவந்தது. கட்டுமானத்துக்கு மட்டும் 20 இலட்சம் டாலர் ஒதுக்கியிருந்தார். வாசிப்பு, கணிதம், புவியியல், கப்பலோட்டும் கலை, வானியல், பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகள் எனப் பாடங்களையும் அவரே வகுத்தார். பள்ளியைச் சுற்றிப் 10 அடி உயரச் சுவர் எழுப்ப வேண்டும் என்றும் எழுதினார்.

உறவினர்கள் உயிலை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். புகழ்பெற்ற வழக்கறிஞர் டேனியல் வெப்ஸ்டர் அவர்களுக்காக வாதாடினார். எனினும், 1844இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உயில் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1848ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று பள்ளி திறக்கப்பட்டது. தந்தையை இழந்த ஏழைச் சிறுவர்கள் உணவும் உடையும் கல்வியும் பெற்றனர். ஒரு மனிதரின் கையொப்பம் தலைமுறை தலைமுறையாக வாழ்வளித்தது.

ஆனால் அந்த உயிலில் ஒரு சொல் இருந்தது. ஏழைகளாகவும் ஆண்களாகவும் ஆதரவற்றோராகவும் இருந்தால் மட்டும் போதாது. வெள்ளையராகவும் இருத்தல் வேண்டும்! தம் வீட்டிலிருந்த அடிமைப் பெண்ணுக்கு அதே உயிலில் விடுதலை அளித்த ஜிரார்டு, தம் லூசியானாத் தோட்டத்து அடிமைகளை உடைமையாகவே கருதிப் பிறருக்கு எழுதிவைத்தார். அவருடைய கருணைக்கும் ஓர் எல்லைச் சுவர் இருந்தது.

காலம் மாறியது. பள்ளியைச் சூழ்ந்திருந்த பகுதியில் கறுப்பின மக்கள் பெருமளவில் குடியேறினர். சுவருக்கு வெளியே தந்தையற்ற குழந்தைகள் இருந்தனர். உள்ளே அவர்களுக்கு இடமில்லை. 1954இல் கறுப்பினச் சிறுவர் சிலர் விண்ணப்பித்து மறுக்கப்பட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. நகர அரசின் வாரியம் நடத்தும் பள்ளியில் இனப் பாகுபாடு கூடாது என 1957இல் நீதிமன்றம் கூறியது. உடனே நகர வாரியம் நீக்கப்பட்டுத் தனியார் அறங்காவலர்கள் அமர்த்தப்பட்டனர், தடை தொடர்ந்தது.

1965 மே மாதம் முதல், வழக்கறிஞர் செசில் மூர் தலைமையில் மக்கள் அச்சுவரைச் சுற்றி நடந்து மறியல் செய்தனர். ஏழு மாதங்களுக்கு மேல் அப்போராட்டம் நீடித்தது. ஆகஸ்டில் மார்ட்டின் லூதர் கிங்கும் அங்கு வந்து உரையாற்றினார். நீதிமன்றப் போராட்டம் 1968இல் வென்றது. அவ்வாண்டு செப்டம்பரில் நான்கு கறுப்பினச் சிறுவர்கள் அவ்வாயிலைக் கடந்தனர். 1984இல் பெண் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. இன்று அங்குப் பயில்வோரில் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகளே.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன இரண்டு. முதலாவது, எழுதிவைக்கப்பட்ட கொடை கொடையாளரைவிட நெடுங்காலம் வாழும். ஜிரார்டு எழுதாமல் மறைந்திருந்தால் அச்செல்வம் உறவினரிடையே சிதறியிருக்கும். இரண்டாவது, கொடையோடு நம் காலத்தின் குறுகிய பார்வையும் சேர்ந்தே வாழும். அதைத் திருத்த 137 ஆண்டுகள் ஆயின. அதற்குள் எத்தனை பிள்ளைகளின் இளமை வெளியிலேயே கழிந்துவிட்டது!

கோடீசுவரர்களுக்கே உரியது இது என்று எண்ண வேண்டா. சிறு தொகையாயினும், நம் வட்டாரத்து ஆதரவற்றோர் இல்லம் ஒன்றுக்கு உயிலில் இடமளிக்கலாம். முசுலிம் அல்லாதார் எழுதும் உயிலுக்கு நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் இரு சாட்சிகள் தேவை; பயன்பெறுவோர் சாட்சியாக இருத்தல் நன்றன்று. இல்லத்தின் பதிவுப் பெயரைச் சரியாக எழுதுங்கள். அந்த இல்லம் பின்னாளில் மூடப்பட்டால் தொகை யாரைச் சேர வேண்டும் என்பதையும் குறிப்பிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் குழந்தைக்கு என்று எழுதும் இடத்தில், அதன் தேவையைத் தவிர வேறு அடையாளம் எதையும் கேளாதீர்கள்.

நாம் எழுதும் உயில் வாயிலாகட்டும், சுவராக வேண்டா. சிந்திப்போமாக!