எறியாத வேல்

சிங்கப்பூரில் முருகனுக்குக் கோயில் எழும்புவதற்கு முன்பே அவனுடைய வேல் வந்து சேர்ந்துவிட்டது. ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில், இன்றைய டேங்க் ரோடு பக்கம், ஒரு குளமும் அதன் கரையில் ஓர் அரசமரமும் இருந்தன. மரத்தடியில் ஒரு வேலை வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கே தெண்டாயுதபாணி கோயிலைக் கட்டியது 1859இல்தான். சிலை வடிக்கச் சிற்பி வேண்டும், கல் வேண்டும், பிரதிஷ்டைக்குக் குருக்கள் வேண்டும். வேல் அடிக்க ஒரு கொல்லன் போதும். பத்துமலையில் தம்புசாமிப் பிள்ளை குகைக்குள் முதலில் வைத்ததும் வேல். கொழும்பில் ஆடி மாதம் தேரேறிப் போவதும் வேல். திருப்பரங்குன்றத்திலும் மூலவர் மலையிலேயே குடைந்த உருவம் என்பதால் அபிஷேகமெல்லாம் வேலுக்குத்தான்.

இதே வேல்தான் ஒரு காலத்தில் ஆளைக் கொன்றது. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தாழிகளோடு இரும்பு வேல்முனைகளும் வாள்களும் வந்தன. கூடவே பொன் நெற்றிப்பட்டங்களும் வாயை மூடும் பொன் தகடுகளும். காவடி எடுப்பவர் வாய்ப்பூட்டு போடும் வழக்கத்தை அந்தத் தகடுகளோடு சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள் உண்டு. அதை உறுதியாகச் சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் வேலும் மூடிய வாயும் ஒரே மண்ணில் கிடந்தன என்பதை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவனுடைய படைக்கொட்டிலில் மயிற்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி வைத்த ஆயுதங்களைப் பார்த்தார். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். போர் செய்கிற வேலுக்கு அலங்காரம் கிடையாது என்பது அந்தப் புறநானூற்றுப் பாட்டின் குத்தல். இன்றைக்குச் சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கில், தைப்பூசத்தன்று, அதே மயிற்பீலி காவடியின் உச்சியில் ஆடுகிறது. அங்கே அலங்காரம் யாருக்கும் இழுக்கில்லை.

தைப்பூசத்தன்று காவடிகள் புறப்படுவது சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து. 1855இல் நரசிங்கப் பெருமாள் கோயிலாகத் தொடங்கிய இடம். முருகன் மால்மருகன் அல்லவா? மாமன் வீட்டில் புறப்பட்டு மருமகன் வீடான டேங்க் ரோடு கோயிலில் போய் இறங்குகிறார்கள். ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்தில் நள்ளிரவில் இறங்கினால் அந்தப் பக்கம் முழுவதும் விபூதி வாசனை.

அலகு குத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். குத்துபவர் வயதானவர். விரதம் இருந்த பையனின் கன்னத்தில் விபூதியைத் தேய்த்து, இரண்டு விரலால் சதையை இழுத்துப் பிடிக்கிறார். சுற்றி நிற்பவர்கள் ‘வேல் வேல்’ என்று உரக்கச் சொல்லச் சொல்ல, கம்பி ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வருகிறது. ஒரு முனையில் வெள்ளி வேலிலை. அடுத்து நாக்கைத் துணியால் பிடித்து, விரல் நீளத்தில் இன்னொரு வேல் செங்குத்தாக இறங்குகிறது. இனி டேங்க் ரோடு போய்ச் சேரும்வரை அவன் பேச முடியாது. ரத்தம் ஒரு சொட்டும் வரவில்லை. அவன் அம்மா கைகூப்பியபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்து ஈட்டிகள் எல்லாம் அடுத்தவனை நோக்கிப் போக, இந்த வேல் ஏந்தியவனையே தைக்கிறது. ஆயுதத்தின் வரலாற்றில் இவ்வளவு பெரிய திருப்பம் வேறெங்கும் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மற்ற ஈட்டிகள் அப்படியல்ல. ரோமானியப் படை வைத்திருந்த பைலம் என்ற எறியீட்டிக்கு நீண்ட இரும்புத் தண்டு. கேடயத்தில் தைத்ததும் பல சமயம் அது வளைந்துபோகும். எதிரியால் அதைப் பிடுங்கித் திருப்பி எறிய முடியாது. கிரேக்கர்கள் தோல்வார் ஒன்றைத் தண்டில் சுற்றி, விரலை அதில் கோத்து வீசினார்கள். ஈட்டி சுழன்றுகொண்டே நேராகப் போகும். துப்பாக்கி வந்தபின் போர்க்களத்தில் அதற்கு வேலையில்லாமல் போயிற்று. ஆண்கள் ஈட்டி எறிதல் 1908 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது.

விளையாட்டிலும் அது அடங்கவில்லை. 1984இல் கிழக்கு ஜெர்மனியின் ஊவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தார். இன்னும் கொஞ்சம் போனால் திடலைத் தாண்டி ஓட்டப் பாதையில் விழும். பல ஈட்டிகள் தட்டையாக விழுந்து, முனை பட்டதா இல்லையா என்ற தகராறு வேறு. 1986 முதல் ஆண்களின் ஈட்டியில் எடைமையத்தை 4 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினார்கள். முனை சீக்கிரம் கீழே குனிந்தது, தூரமும் குறைந்தது. 800 கிராம் ஈட்டியை மட்டுப்படுத்த அந்த 4 சென்டிமீட்டரே போதுமாக இருந்தது. அதே ஹோன்தான் பின்னாளில் ஹரியானாவின் நீரஜ் சோப்ராவுக்குச் சில காலம் பயிற்சி தந்தார். நீரஜ் 2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார்.

மறுபடி காவடி புறப்படும் இடத்துக்கு வருவோம். பெருமாள் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற தெருவின் பெயர் ரேஸ் கோர்ஸ் ரோடு. 1933இல் புக்கிட் தீமாவுக்கு இடம்பெயரும்வரை குதிரைப் பந்தயம் இங்கேதான். அதற்குப் பிறகு அந்தத் திடல் ஃபேரர் பார்க் விளையாட்டுத் திடலானது. சிங்கப்பூரில் முதல் விமானம் பறந்ததும் இந்தப் பந்தயத் திடலில்தான். 1911 மார்ச் 16 அன்று ஜோசப் கிறிஸ்டியேன்ஸ் இங்கே தன் பிரிஸ்டல் விமானத்தை மேலே கிளப்பினார்.

அதற்கு ஐம்பது ஆண்டு கழித்து ஈட்டியும் சிங்கப்பூர் வானத்துக்கு வந்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் 60ஆம் படைப்பிரிவு 1961 முதல் 1968 வரை தெங்கா தளத்தில் வைத்திருந்த போர் விமானத்துக்குப் பெயர் க்ளாஸ்டர் ஜாவெலின், அதாவது எறியீட்டி. இரண்டு பேர் அமர்ந்து இரவிலும் மழையிலும் எதிரி விமானத்தைத் தேடிப் போகும் வகை. இந்தோனேசியாவோடு முறுகல் நடந்த ஆண்டுகளில் அது இங்கே காவலுக்கு நின்றது. பெயர் வைத்தவர்களுக்கு எறியீட்டி நினைவில் இருந்திருக்கலாம். கீழிருந்து எடுத்த படங்களைப் பாருங்கள், அகன்ற முக்கோணச் சிறகு. எறியீட்டியைவிட முருகன் கைவேலின் இலைமுகத்துக்குத்தான் அது நெருக்கம். அந்தப் படைப்பிரிவு கலைக்கப்பட்ட 1968இல்தான் சிங்கப்பூரில் தைப்பூசத்துக்குப் பொது விடுமுறையும் நின்றது. இரண்டுக்கும் தொடர்பில்லை. விமானம் போனபின் அந்தப் பெயரும் இந்த ஊரில் பேச்சிலிருந்து போய்விட்டது. விடுமுறை போனபின்னும் காவடிக் கூட்டம் குறையவில்லை. வேலைநாளாக இருந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

2021, 2022 இரண்டு ஆண்டும் கொரோனாவால் பாதயாத்திரை கிடையாது. டேங்க் ரோட்டில் பால்குடம் மட்டும். அலகு குத்திக்கொள்ள நேர்ந்துகொண்டவர்கள் வீட்டிலேயே காத்திருந்தார்கள். 2023 பிப்ரவரி 5 அன்று பெருமாள் கோயில் வாசலிலிருந்து மறுபடி காவடிகள் கிளம்பின.