அமில மழையும் அளவெட்டிக் குளங்களும்: சுண்ணாம்புக்கல் எதைத் தடுக்கிறது, எதை விடுகிறது?

நோர்வேயிலும் சுவீடனிலும் கனடாவிலும் வாழும் நம்மவர்கள் அமில மழை பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். பளிங்கு போலத் தெளிந்திருந்தும் ஒரு மீன்கூட இல்லாத ஏரிகள் அந்நாடுகளில் இருந்தன. அந்தத் தெளிவு ஏரியின் நலத்துக்கு அடையாளம் அல்ல. நீரில் உயிர்கள் அற்றுப்போனதன் அடையாளம்.

நிலக்கரியும் கந்தகம் கூடிய எண்ணெயும் எரியும்போது கந்தகவீரொட்சைட்டும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வெளியேறுகின்றன. இவை காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து சல்பூரிக்கமிலமாகவும் நைத்திரிக்கமிலமாகவும் மாறி மழையோடு இறங்குகின்றன. மாசில்லாத மழையும் காபனீரொட்சைட்டைக் கரைத்து வருவதால் சற்று அமிலத்தன்மை உடையதே, அதன் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 5.6. இது 4.6 ஆகக் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடிவிட்டது என்று பொருள். ஏரி நீரின் பெறுமானம் 5 அளவுக்கு இறங்கும்போது பெரும்பாலான மீன் முட்டைகள் பொரிப்பதில்லை. மண்ணிலிருந்து கரைந்துவரும் அலுமினியம் மீன்களின் பூக்களை அடைத்து மூச்சுத் திணறவைக்கிறது.

கனடாவின் சட்பரியில் நிக்கல் உருக்காலைகளின் புகை சுற்றுப்புற ஏரிகளைப் பாழாக்கியது. 1972இல் 381 மீற்றர் உயரப் புகைபோக்கி கட்டினார்கள். அது உள்ளூர்க் காற்றைத் துப்புரவாக்கியது, அமிலத்தையோ தொலைவுக்கு அனுப்பிவைத்தது. புகையிலிருந்த கந்தகத்தையே குறைத்த பின்னர்தான் ஏரிகள் மீளத் தொடங்கின.

அங்குள்ள பாறை பெரும்பாலும் கருங்கல். அமிலத்தை நடுநிலையாக்கும் வல்லமை அதற்கு இல்லை. அதனால் சுவீடனில் படகிலும் ஹெலிகொப்டரிலும் சுண்ணாம்புக்கல் தூளைக் கொண்டுபோய் ஏரிகளில் கொட்டுகிறார்கள். தெற்கு நோர்வேயின் மண்டால் ஆற்றில் 1997 முதல் சுண்ணாம்பு இட்ட பிறகே அற்றுப்போன சல்மன் மீன் திரும்பியது.

அவர்கள் காசு கொடுத்துக் கொட்டும் அந்தக் கல்லின் மேல்தான் அளவெட்டி இருக்கிறது. வலிகாமம் முழுவதுமே சுண்ணாம்புக்கல். நம் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கே அதற்குச் சாட்சி. இங்கு அமில மழை பெய்தாலும், இந்தக் கல்லைத் தொடும் குளத்து நீரும் கிணற்று நீரும் எளிதில் புளித்துப்போவதில்லை.

ஆனால் இதை நினைத்து ஆறுதல் அடைய முடியாது. சுண்ணாம்புக்கல் வெடிப்பும் குகையும் நிறைந்தது. மேலே விழுவது வடிபடாமல் விரைவாகக் கீழே போய்விடும். பக்கத்துச் சுன்னாகத்தில் நடந்தது நமக்குத் தெரியும். மின் நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளில் மிதந்தது. குடிநீர் பவுசரில் வந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், தனியார் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. புகையில் வரும் அமிலத்தை அடக்கும் கல்லால் எண்ணெயைத் தடுக்க முடியவில்லை.

எண்ணெய் கண்ணுக்குத் தெரியும், மணக்கும். நைத்திரேற்று அப்படியல்ல. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் இடும் யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறும்போது அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலத்தைச் சுண்ணாம்பு அடக்கிவிடும், நைத்திரேற்று நீரோடு கிணற்றுக்குள் இறங்கிவிடும். மலசலகூடக் குழிகளில் இருந்தும் அது வருகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் இந்த எல்லை தாண்டப்பட்டிருக்கிறது.

கிணற்றை நம்ப முடியாமல் கூரை மழைநீரைச் சேமிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நீர் சுண்ணாம்புக்கல்லைத் தொடுவதில்லை. சீமெந்துத் தொட்டி அமிலத்தை ஓரளவு தணிக்கும். பிளாஸ்ரிக் தொட்டி தணிக்காது. புரட்டாதி, ஐப்பசியில் விழும் முதல் மழையே காற்றிலும் கூரையிலும் உள்ள அழுக்கையெல்லாம் கழுவி வரும். அதைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே ஓடவிடுவதே நல்லது.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடுகளில் கிணற்று நீரைப் பரிசோதிப்பது அவசியம். நைத்திரேற்று மிகுந்தால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும். கொதிக்கவைப்பதால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.