மல்லேஸ்வரமும் விண்மீன்களின் எக்ஸ் கதிர்களும்

பெங்களூரில் குடியேறி வாழும் தமிழர்களுக்கு மல்லேஸ்வரம் என்றதும் நினைவுக்கு வருவன காடு மல்லேசுவரர் ஆலயமும், கடைத்தெருவும், சாங்கி ஏரியும் ஆகும். பின்னாளில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் ஏகோஜி 1669-ஆம் ஆண்டில் அவ்வாலயத்துக்கு ஊர் ஒன்றைக் கொடையாக அளித்ததைக் கல்வெட்டுக் கூறுகிறது. இவ்விடத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஒருவர் இங்கு வீடு கொண்டு வாழ்ந்தார். சாங்கி ஏரிக்கு அப்பால் ஓர் ஆராய்ச்சி நிலையத்தையும் நிறுவினார். அந்நிலையத்தில் உருவான கருவியொன்று 2024-ஆம் ஆண்டின் முதல் நாளன்று விண்ணேறிற்று. அவர் கப்பலில் எழுப்பிய வினாவுக்கும் அக்கருவி விண்ணில் எழுப்பும் வினாவுக்கும் உள்ள உறவையே இங்குக் காணப் போகிறோம்.

ஒளி அலைவடிவமானது, தான் செல்லும் திசைக்குக் குறுக்கே அதிர்வது. சாதாரண ஒளியில் இவ்வதிர்வு எல்லாப் பக்கங்களிலும் கலந்து நிகழும். சில வேளைகளில் அது பெரும்பாலும் ஒரே தளத்தில் அமைந்துவிடும். இதனைத் தளவிளைவு என்பர். சிதறிய ஒளி இவ்வியல்பைப் பெறுவது உண்டு. சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானப் பகுதியை நோக்கினால் இதனை அறியலாம். ஒளி எங்கே, எவ்வாறு சிதறியது என்பதற்கு அதன் அதிர்வுத் தளம் ஒரு சாட்சி.

அந்தச் சாட்சியை நன்கு பயன்படுத்தியவர் சர் சி. வி. இராமன். 1921-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பியபோது, கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டுந்தானா என்று அவர் ஐயுற்றார். நிக்கல் பட்டகம் என்ற சிறு கருவி தளவிளைவுற்ற ஒளியைத் தடுக்க வல்லது. அதனைக் கொண்டு நீர்ப்பரப்பில் பிரதிபலித்த வானொளியை விலக்கிப் பார்த்தார், நீலம் மறையவில்லை. நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்று துணிந்தார். எக்ஸ் கதிர்கள் சிதறும்போது அலைநீளம் மாறுவதைக் கண்ட காம்ப்டனுக்கு 1927-இல் நோபல் பரிசு கிடைத்தது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் அத்தகைய மாறுதல் உண்டா என்னும் ஆர்வம் இராமனிடம் வலுத்தது. 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் கல்கத்தாவில், கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு, இராமன் விளைவு வெளிப்பட்டது. அதற்கான கருவிகளின் விலை சில நூறு ரூபாயே.

1933-இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைவராகப் பெங்களூர் வந்த இராமன், மல்லேஸ்வரத்தில் ‘பஞ்சவடி’ என்னும் இல்லத்தைத் தமதாக்கிக்கொண்டார். மைசூர் அரசு விஞ்ஞான அகாதெமிக்கு வழங்கியிருந்த நிலத்தில் 1948-இல் இராமன் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. அரசின் பணம் வந்தால் அரசின் கட்டளையும் உடன் வரும் என அஞ்சிய அவர், நன்கொடைகளைத் திரட்டியே நிலையத்தை நடத்தினார். 1970 நவம்பர் 21-ஆம் நாள் காலமானார். அவர் விருப்பப்படியே நிலையத் தோட்டத்தில் தகனம் நிகழ்ந்தது. அவ்விடத்தில் ஒரு மரம் நிற்கிறது.

அதிர்வுத் தளத்தைப் பற்றிய வினா இதனிடையே விண்மீன்களை எட்டியிருந்தது. இராமனின் தமையன் மகனான எஸ். சந்திரசேகர், வெப்பம் மிகுந்த விண்மீனின் வளிமண்டலத்தில் எலெக்ட்ரான்களால் சிதறி வெளிவரும் ஒளி தளவிளைவு பெறும் என 1946-இல் அமெரிக்காவிலிருந்து கணித்தார். விண்மீனின் விளிம்பில் அது 11.7 விழுக்காடு வரை இருக்கும் என்பது அவர் கணக்கு. கருந்துளையைச் சூழ்ந்து சுழலும் வாயுத் தட்டைப் பற்றி ஆராய்வோர்க்கும் அக்கணக்கு வழிகாட்டிற்று.

இராமனின் இளைய மகன் வி. இராதாகிருஷ்ணன் வானொலி வானியலில் ஈடுபட்டார். 1969-இல் அவர் ஆஸ்திரேலியாவில் தம் துணைவர் குக்கோடு வேலா துடிப்பு விண்மீனை ஆராய்ந்தார். ஒவ்வொரு துடிப்பின்போதும் வானொலி அலையின் அதிர்வுத் தளம் ஓர் ஒழுங்கோடு திரும்புவது தெரிந்தது. சுழலும் விண்மீனின் காந்த முனையிலிருந்து கதிர்க்கற்றை புறப்படுகிறது என்ற விளக்கத்துக்கு அது வலிமை தந்தது. 1972-இல் இராதாகிருஷ்ணன் தந்தையின் நிலையத்துக்குத் தலைவரானார். அவ்வாண்டிலேயே நிலையம் மத்திய அரசின் நிதியுதவி பெறும் தன்னாட்சி அமைப்பாயிற்று.

அம்மாறுதல் இராமனுக்கு உவந்திராது என்பாரும் உளர். ஆயினும் எக்ஸ் கதிர் வானியலின் தன்மையை நோக்கினால் அதன் தேவை விளங்கும். பூமியின் காற்று மண்டலம் விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை விழுங்கிவிடுகிறது. ஆகையால் கருவியைக் காற்றுக்கு மேலே ஏற்ற வேண்டும். சூரியனைத் தவிர்த்த எக்ஸ் கதிர் மூலம் ஒன்று முதன்முதலாக 1962-இல் ராக்கெட் வழியே அறியப்பட்டது. தளவிளைவை அளப்பதோ இன்னும் அரிது. வரும் கதிர்த் துகள்கள் சிலவே; அவற்றுள்ளும் பயன்படுவன மிகச் சிலவே. 1975-இல் ஏறிய அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்று நண்டு நெபுலாவின் தளவிளைவைத் தெளிவாக அளந்தது. அதன்பின் இவ்வளவைக்கென்றே அமைந்த பெரிய விண்கலம் 2021-இல்தான் ஏறிற்று. இத்தகைய பணி ஒரு தனிமனிதர் திரட்டும் நன்கொடையில் அடங்குவதன்று.

மல்லேஸ்வரத்துக்கு அண்மையில் உருவான கருவியின் பெயர் போலிக்ஸ். அதன் நடுவே பெரிலியம் என்னும் இலேசான உலோகம் உள்ளது. எக்ஸ் கதிர் அதில் பட்டுச் சிதறும். சூழ நிற்கும் நான்கு உணர்கருவிகள் சிதறிய துகள்களை எண்ணும். அதிர்வுத் தளத்துக்குச் செங்குத்தான திசையில் மிகுதியாகவும், தளத்தின் திசையில் குறைவாகவும் அவை சிதறுவதால், எண்ணிக்கையின் வேறுபாடே தளத்தைக் காட்டிவிடும். ஒவ்வொரு மூலத்தையும் வாரக்கணக்கில் நோக்கினாலன்றிப் போதிய துகள்கள் சேரா. சிதறலை ஆராய்ந்தவரின் நிலையம், சிதறலையே அளவுகோலாகக் கொண்டது!

எக்ஸ்போசாட் என்னும் செயற்கைக்கோள் இக்கருவியைத் தாங்கி 2024 ஜனவரி 1-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, சுமார் 650 கிலோமீட்டர் உயரத்தில் வலம்வரத் தொடங்கிற்று. அம்மாதத்திலேயே கருவி நண்டு நெபுலாவின் துடிப்பு விண்மீனை நோக்கிற்று. சோழப் பேரரசு ஓங்கியிருந்த 1054-ஆம் ஆண்டில் சீனர்கள் கண்டு குறித்துவைத்த வெடிப்பின் எச்சம் அது. நொடிக்கு ஏறத்தாழ முப்பது முறை சுழல்கிறது. மிகப் பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் அவ்விண்மீன் ஒரு புள்ளியே. அதன் காந்தப் புலம் எவ்வாறு அமைந்துள்ளது, கதிர் எவ்விடத்திலிருந்து எழுகிறது என்பவற்றைப் படம் காட்டாது. அதிர்வுத் தளமே காட்டும்.

மைசூர் அரசு தந்த நிலத்தில், தமிழர் ஒருவர் தொடங்கிய நிலையத்தில், பல மாநிலத்தவர் கூடி உருவாக்கிய கருவி இது. சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் புதிய ஊருக்கு எதைக் கொணர்ந்தனர் என்று யாரேனும் வினவினால், இராமன் கொணர்ந்த அந்த வினாவை நாம் சுட்டிக்காட்டலாம்.