கீழக்கரைப் பள்ளிவாசல் தூண்களில் ஏன் உருவமே இல்லை?

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ராத்கோ சேப்பலைப் பற்றி உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். எட்டுப் பக்கச் சுவர், உள்ளே மார்க் ராத்கோ வரைந்த 14 பெரிய ஓவியங்கள். ஓவியம் என்றதும் ஏசுவையோ மலையையோ மரத்தையோ தேடாதீர்கள். கறுப்பும் கரும் ஊதாவும்தான். 1971-ல் திறந்தார்கள். எந்த மதத்தவரும் போய்ப் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது நம்ம கீழக்கரை. ராமநாதபுரத்திலிருந்து தெற்கே, பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் கடற்கரை ஊர். அங்கே 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பிய ஜும்மா பள்ளிவாசல் இருக்கிறது. கல்லூரி நண்பன் கூட்டிக்கொண்டு போனான். தொழுகை நேரம் முடிந்து ஆள் இல்லாத மத்தியானம். பள்ளிவாசல் என்றால் பெரிய குவிமாடம் என்று நினைத்துப் போகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் கோயில் மண்டபத்துக்கு வந்துவிட்டோமோ என்று குழம்புவார்கள். வரிசை வரிசையாகக் கல் தூண்கள். மேலே தட்டையான கல் கூரை. தூண் உச்சியில் பொதிகை, அதன் நுனியில் தலைகீழாகத் தொங்கும் பூமொட்டு. ராமேஸ்வரத்தில் பார்த்த அதே கைவேலை.

ஆனால் யாளி இல்லை, துவாரபாலகர் இல்லை, விளக்கேந்திய பாவை இல்லை. தாமரை, கொடி, கட்டம், பட்டை, அவ்வளவுதான். இஸ்லாத்தில் வழிபாட்டிடத்தில் உருவம் கூடாது. கோயில் மரபில் பழகிய சிற்பி தனக்குத் தெரிந்ததில் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு மீதிப் பாதியில் ஒரு முழுக் கட்டடத்தைச் செய்து முடித்திருக்கிறார். ‘ஆப்ஸ்ட்ராக்ட்’ என்ற சொல்லையெல்லாம் அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்! சில பத்து வருடங்கள் கழித்து ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவர்களை ஓவியங்களால் நிரப்பினார்கள். அங்கே பார்த்த பக்கமெல்லாம் சாமியும் ராஜாவும் வெள்ளைக்காரனும்தான். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் வித்தியாசம் நன்றாகப் புரியும்.

சரி, நான் பி.காம். படிக்கிறவன். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது. இந்தப் பள்ளிவாசலைக் கட்டியவர் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர், அதாவது நம்ம சீதக்காதி. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்கிறோமே, அவரேதான். (2018-ல் அவர் பெயரில் வந்த படத்தில் நடித்தவர் பெயரில் சேதுபதி இருந்தது தற்செயல்தான், ஆனால் பொருத்தம்.) கப்பல் வணிகர். அப்போது சேது நாட்டை ஆண்டவர் கிழவன் சேதுபதி. 1658-ல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்த பிறகு முத்து, சங்கு, மிளகு எல்லாவற்றிலும் கை வைக்கப் பார்த்தார்கள். ராஜாவுக்குச் சொந்தமாகக் கப்பல் வைத்திருக்கிற ஆள் வேண்டும், வியாபாரிக்கு ராஜாவின் ஆதரவு வேண்டும். சேதுபதி தன் குடும்பப் பட்டமான ‘விஜய ரகுநாத’ என்பதையே சீதக்காதிக்குக் கொடுத்தார். உமறுப் புலவரைச் சீறாப்புராணம் எழுதச் சொல்லி ஆதரித்ததும் சீதக்காதிதான். அந்தக் காவியமும் இந்தத் தூண்கள் மாதிரியே. அமைப்பு தமிழ்க் காப்பியத்துடையது, சொல்லும் கதை நபிகள் நாயகத்துடையது.

இதைப் படித்துவிட்டு ‘ஆஹா, மத நல்லிணக்கம்’ என்று கைதட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இதே கிழவன் சேதுபதியின் ஆட்சியில்தான் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் ஜான் டி பிரிட்டோ என்ற அருளானந்தர் தலை வெட்டப்பட்டது. மறவர் தலைவரான தடியத் தேவர் கிறித்தவரானதும் ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுப் பெண். விவகாரம் அரண்மனைக்குப் போய்விட்டது. என் கணிப்பில், ராஜாவுக்கு மதம் பெரிய பிரச்சினையே இல்லை. மரைக்காயரின் மதம் அவர் குடும்பத்தையும் அதிகாரத்தையும் தொடவில்லை, கஜானாவுக்கு வரவும் இருந்தது. பாதிரியாரின் மதம் கல்யாண உறவுக்குள்ளேயே கை வைத்தது. கணக்கு அப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். இதனால் பள்ளிவாசலின் அழகு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் அந்தக் காலத்து ஆட்கள் எல்லோரும் நம்மைவிட நல்லவர்கள் என்று கதை விடவும் முடியாது.

எனக்குக் கவலை வேறு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் இந்த மாதிரிப் பழைய கல் பள்ளிவாசல்களை இடித்துவிட்டு கான்கிரீட்டில் குவிமாடமும் மினாராவும் வைத்துக் கட்டிவிட்டார்கள். கூட்டம் அதிகம், இடம் போதவில்லை என்பது நியாயமான காரணம்தான். ஆனால் இடித்த பிறகு அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் முன்னோர்கள் எந்தக் கல்லில், யார் கையால் பள்ளி கட்டினார்கள் என்று காட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. கோம்பை அன்வர் 2013-ல் எடுத்த ‘யாதும்’ ஆவணப்படம் தமிழ் முஸ்லிம்களின் இந்த வரலாற்றைத்தான் தேடிப் போகிறது. கிடைத்தால் பாருங்கள்.

கீழக்கரைக்குப் போகிறவர்கள் தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிட்டு, அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள். சீதக்காதியின் அடக்கத்தலமும் பள்ளிவாசலை ஒட்டியே இருக்கிறது.