ஆன்டிபயாட்டிக் மாத்திரை பாக்டீரியாவை மட்டும் குறிவைப்பது எப்படி? செல்லுக்குள் இருக்கும் வித்தியாசம் இதுதான்!

சளி, காய்ச்சல்னா உடனே மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்குபவர்கள் நம்மில் பலர். அந்த மாத்திரை ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கச் செல்கிறது. பாக்டீரியா ஒரு செல். நம் உடலும் செல்களால் ஆனதுதான். அப்படியிருக்க, பாக்டீரியாவுக்கு மட்டும் அடி விழுவது எப்படி? பதில், இரண்டு வகை செல்களின் அமைப்பில் இருக்கிறது.

புரோகேரியாட்டிக், யூகேரியாட்டிக்: என்ன வித்தியாசம்?

பாக்டீரியா, புரோகேரியாட்டிக் வகை செல். இதில் உட்கரு கிடையாது. வட்ட வடிவ டிஎன்ஏ, சைட்டோபிளாசத்தில் சுருண்டு கிடக்கும்.

மனிதர்கள், விலங்குகள், தாவரங்கள், பூஞ்சைகளின் செல்கள் யூகேரியாட்டிக் வகை. இவற்றில் டிஎன்ஏ, சவ்வு சூழ்ந்த உட்கருவுக்குள் பத்திரமாக இருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி உறுப்புகளும் உண்டு.

* மைட்டோகாண்ட்ரியா: உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும்
* எண்டோபிளாச வலை: புரதங்களையும் கொழுப்புகளையும் தயாரிக்க உதவும்
* கோல்கை உறுப்பு: புரதங்களைப் பிரித்து, சேர வேண்டிய இடத்துக்கு அனுப்பும்
* லைசோசோம்: கழிவுகளைச் செரிக்கும்

இனி, மருந்துகள் எங்கே தாக்குகின்றன என்று பார்ப்போம்.

1. செல் சுவர்

பெரும்பாலான பாக்டீரியாக்களைச் சுற்றி பெப்டிடோகிளைக்கான் என்ற பொருளால் ஆன சுவர் இருக்கும். 1928-ல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டுபிடித்த பென்சிலினும், இன்று பரவலாகப் பயன்படும் அமாக்சிசிலினும் இந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. சுவர் பலவீனமானதும் தண்ணீர் உள்ளே புகுந்து பாக்டீரியா வெடித்துவிடும். நம் செல்களுக்குச் சுவரே இல்லை. அதனால் இந்தத் தாக்குதல் நம் செல்களுக்குப் பொருந்தாது.

2. ரைபோசோம்

புரதம் தயாரிக்கும் ரைபோசோம் இரண்டு வகை செல்லிலும் உண்டு. ஆனால் பாக்டீரியாவில் இருப்பது 70எஸ், நம்முடையது 80எஸ். பாக்டீரியா ரைபோசோமில் 50எஸ், 30எஸ் என இரு பகுதிகள். 'ரெண்டையும் கூட்டினா 80 தானே?' என்று கேட்கலாம். எஸ் என்பது எடை அல்ல. வேகமாகச் சுழற்றும்போது எவ்வளவு சீக்கிரம் அடியில் படிகிறது என்பதற்கான அளவு. அதனால் நேரடியாகக் கூட்ட முடியாது.

அசித்ரோமைசின் 50எஸ் பகுதியிலும், டாக்சிசைக்ளின் 30எஸ் பகுதியிலும் ஒட்டிக்கொண்டு புரதத் தயாரிப்பை நிறுத்துகின்றன. ரைபோசோமின் அமைப்பை விளக்கியதற்காக 2009-ல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். 30எஸ் பகுதியில் ஆன்டிபயாட்டிக் எங்கே பொருந்துகிறது என்பதைக் காட்டியது அவருடைய குழு.

நமக்குப் பாதிப்பே இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. மைட்டோகாண்ட்ரியா, நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வேறொரு செல்லுக்குள் புகுந்து தங்கிவிட்ட பாக்டீரியாவிலிருந்து வந்தது என்பதே அறிவியல் ஏற்றுக்கொண்ட விளக்கம். அதற்குள் இருக்கும் ரைபோசோம், பாக்டீரியாவுடையதை ஒத்திருக்கும். ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் சிலருக்குக் காது கேட்கும் திறனைப் பாதிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகப் பார்க்கப்படுகிறது.

வைரஸ் காய்ச்சலுக்கு ஏன் வேலை செய்யாது?

வைரஸ், செல்லே கிடையாது. அதற்குச் சுவரும் இல்லை, ரைபோசோமும் இல்லை. நம் செல்லின் ரைபோசோமையே பயன்படுத்திப் பெருகுகிறது. ஆன்டிபயாட்டிக் தாக்குவதற்கு அங்கே இலக்கே இல்லை. சாதாரண சளிக்கும் ஃப்ளூவுக்கும் வைரஸ்தான் காரணம். படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்றுக்கும் ஆன்டிபயாட்டிக் உதவாது. பூஞ்சை நம்மைப் போலவே யூகேரியாட்டிக் வகை என்பதால், அதற்குத் தனி மருந்து தேவை.

தேவையில்லாமல் போட்டால் என்ன ஆகும்?

பாக்டீரியாவில் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையங்களும் உண்டு. மருந்தை முறியடிக்கும் மரபணு இதில் இருந்தால், ஒரு பாக்டீரியா அதை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும். தேவையில்லாமல் மாத்திரை போடும்போது, நம் குடலில் உள்ள சாதாரண பாக்டீரியாக்கள் சாகும். எதிர்ப்புத்திறன் கொண்டவை மட்டும் தப்பிப் பெருகும். பிறகு உண்மையாகவே தொற்று வரும்போது அதே மருந்து கைகொடுக்காமல் போகலாம்.

எனவே அடுத்த முறை காய்ச்சல் வந்தால், மீதமிருக்கும் பழைய மாத்திரையைத் தேடாதீர்கள். பாக்டீரியாவா, வைரஸா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். அவர் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தால், சொன்ன அளவில், சொன்ன நாட்கள் வரை சாப்பிடுங்கள்.