தோலுக்குத் தீட்டு, பாவைக்குப் பூசை
(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த நினைவு நாளில் தோல்பாவைக் கூத்துக் கலைஞர்களின் வரலாற்றைப் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். தலித் இலக்கிய மேடையில் இதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். செத்த விலங்கின் தோலைத் தொட்டதற்காக ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நாம். அதே தோலைத் தொட்டு, அதில் இராமனையும் சீதையையும் செய்து, ஊருக்கு நடுவே விளக்கேற்றிக் காட்டிய மக்களும் இருந்தார்கள். அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் தீட்டு என்பது எப்படி வேலை செய்கிறது என்பது நமக்கு இன்னும் தெளிவாகும். அதற்காகவே இந்த உரை.

தமிழ் இலக்கியத்தில் பாவை பழைய உவமை. திருக்குறளின் நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள், 1020ஆம் குறள், நாணம் இல்லாதவரின் நடமாட்டத்தைக் கயிற்றால் ஆடும் மரப்பாவையோடு ஒப்பிடுகிறது. பின்வந்த பக்தி மரபில் மனிதன் பாவையானான், கயிற்றைப் பிடித்திருப்பவன் கடவுளானான். பாவையை எல்லோரும் பார்த்தார்கள், கயிற்றையும் பார்த்தார்கள். கயிற்றைப் பிடித்த ஆளை மட்டும் யாரும் பார்க்கவில்லை. நிஜத்தில் அந்த ஆள் கடவுள் அல்லர். கூத்து முடிந்த மறுநாள் காலையில் வீடு வீடாகப் போய் நெல்லும் அரிசியும் வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு வண்டி கட்டியவர்.

தொழில்

தென்னிந்தியாவில் பாவைக்கூத்து ஒரே மாதிரியானது அல்ல. தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்தின் பொம்மலாட்டத்தில் பாவைகளைக் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவார்கள். நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் உள்ள பாவைகள்கூட உண்டு. பாவையின் கயிறுகளை ஒரு இரும்பு வளையத்தில் கட்டி, அந்த வளையத்தைத் தலையில் அணிந்துகொண்டு, பாவையின் கைகளைக் கம்பிகளால் இயக்குவார்கள். அந்த எடை முழுவதையும் தாங்குவது ஆட்டுபவரின் தலையும் கழுத்தும்தான்.

நாம் இன்று அதிகம் பேசப்போவது தோல்பாவையைப் பற்றி. அதை ஆடுபவர்களே செய்வார்கள். ஆட்டுத்தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, மயிரையும் ஒட்டிய சதையையும் சுரண்டி, நாலா பக்கமும் இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் செருப்புக்குப் பதனிடும் தோல் வேறு, இது வேறு. ஆவாரம்பட்டைச் சாறு குடித்த தோலில் வெளிச்சம் புகாது. பாவைத் தோலோ வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். எவ்வளவு சுரண்டுவது என்பதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. குறைவாகச் சுரண்டினால் பாவை இருட்டாக நிற்கும், அதிகமாகச் சுரண்டினால் கிழியும்.

காய்ந்த தோலில் உருவம் வரைந்து, சிறு உளிகளால் வெட்டி, துளை போடுவார்கள். திரையில் நாம் பார்க்கும் மணிமுடி, கழுத்தணி, சேலைக்கரை எல்லாம் அந்தத் துளைகள் வழியே வரும் ஒளிதான். பிறகு சாயம் தீட்டுவார்கள். கை கால் மூட்டுகளைத் தனித்தனியாக வெட்டி நூலால் பிணைப்பார்கள். நடுவில் மூங்கில் பிளாச்சு ஒன்றைப் பிளந்து பாவையைச் செருகிக் கட்டுவார்கள். சுரண்டுவதிலும் சாயம் தீட்டுவதிலும் குடும்பத்துப் பெண்களின் உழைப்பும் உண்டு.

பாவை செய்து முடித்தால் பாதி வேலைதான். தமிழ்நாட்டுக் கூத்தில் பெரும்பாலும் ஒருவரே திரைக்குப் பின்னால் அமர்ந்து எல்லாப் பாவைகளையும் ஆட்டுவார். இராமனுக்கு ஒரு குரல், இராவணனுக்கு ஒரு குரல், சீதைக்கு ஒரு குரல் என்று மாற்றிப் பேசுவார், பாடுவார். பக்கத்தில் மிருதங்கம், ஆர்மோனியம், ஜால்ரா. அவற்றை வாசிப்பதும் பின்பாட்டுப் பாடுவதும் பெரும்பாலும் வீட்டு ஆட்களே. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பெண் பாத்திரங்களுக்குப் பெண்களே குரல் கொடுப்பார்கள். இராமாயணத்தைப் பத்து இரவு நடத்தும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. பத்து இரவுக்கான பாட்டும் வசனமும் ஏட்டில் இல்லை. ஆடுபவரின் நினைவில்தான் இருந்தன. தோல் பக்குவம், ஓவியம், இசை, நடிப்பு, கதை என ஐந்து தொழில்களை ஒரே குடும்பம் சுமந்தது. சமூகமோ அவர்களுக்கு ஒரு தொழிலுக்குரிய மரியாதையைக்கூடத் தரவில்லை.

பாவைக்குள் படிநிலை

தொழிலாளர்களையே ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிவைத்தது சாதி என்று பாபாசாகேப் அம்பேத்கர் 1936இல் விளக்கினார். அந்த அடுக்கு பாவைப் பெட்டிக்குள்ளும் நுழைந்ததை நாம் கவனிக்க வேண்டும்.

ஆந்திரத்தின் தோலு பொம்மலாட்ட மரபில் மூன்று வகைத் தோல்களைப் பயன்படுத்தினார்கள். தெய்வங்களுக்கும் காவிய நாயகர்களுக்கும் மான்வகைகளில் உயர்வாகக் கருதிய இரலைத் தோல். பீமன், பத்துத்தலை இராவணன் போன்ற பலசாலிகளுக்கு உறுதியான புள்ளிமான் தோல். மற்ற எல்லோருக்கும் ஆட்டுத்தோல். கர்நாடகத்தின் தொகலு கொம்பெயாட்டத்தில் பாவையின் அளவே தகுதியைச் சொல்லும். அரசனும் தெய்வமும் பெரிய பாவைகள், வேலைக்காரரும் சாதாரண மக்களும் சிறிய பாவைகள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான்தோலுக்கு வழியில்லை. இராமனும் ஆட்டுத்தோலுக்கு வந்தார். தோலில் இருந்த படிநிலையை ஒரு சட்டம் முடித்துவைத்தது. மனிதர்களுக்குள் இருக்கும் படிநிலைக்கு எதிராகவும் சட்டம் இருக்கிறது, ஆனால் அது இன்னும் அப்படி முடியவில்லை.

கூத்தின் கோமாளிகளிலும் இந்த அடுக்கைக் காணலாம். தமிழில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன். தெலுங்கில் கேத்திகாடு, பங்காரக்கா, ஜுட்டுபோலிகாடு. கன்னடத்தில் கில்லேக்யாத்தா. இராமன் செந்தமிழ் பேசுவான், கோமாளி ஊர்ப்பேச்சுப் பேசுவான். உச்சியில் குடுமி வைத்தவன் என்று உச்சிக்குடும்பன் பெயருக்குப் பொருள் சொல்வதுண்டு. ஆனால் காதில் விழுவது குடும்பன் என்ற பெயர். தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பெயரின் கீழ் 2021இல் கொண்டுவரப்பட்ட ஏழு பெயர்களில் அதுவும் ஒன்று. நிலத்தில் உழைத்த ஒரு சமூகத்தின் பெயர், தொப்பையும் கோணல் முகமும் கொண்ட கோமாளியோடு சேர்ந்து ஊர் ஊராகச் சிரிப்பை வாங்கியது.

கலை என்பதற்காக இதை நாம் கண்டும் காணாமல் போக முடியாது. அதே சமயம் இன்னொன்றும் உண்மை. ஊர்ப் பெரிய மனிதரின் கஞ்சத்தனத்தைக் கேலி செய்வதும், இராவணனின் சபையிலேயே பசிக்கிறது என்று சொல்வதும் அந்தக் கோமாளிதான். பாவையாட்டுபவர் இராமன் குரலில் கதையைச் சொன்னார், கோமாளி குரலில்தான் தன் வயிற்றைப் பற்றிப் பேசினார்.

பெயர்கள்

தமிழ்நாட்டில் தோல்பாவைக் கூத்து நடத்தியவர்கள் பெரும்பாலும் மண்டிகர் சமூகத்தினர். கன்னியாகுமரி, தூத்துக்குடி, மதுரை வட்டாரங்களில் வாழ்கிறார்கள். வெளியில் தமிழ் பேசினாலும் வீட்டில் மராத்தி வழி வந்த மொழியைப் பேசுகிறார்கள். பெயருக்குப் பின்னால் ராவ் என்று சேர்த்துக்கொள்வார்கள். தஞ்சை மராத்தியர் ஆட்சிக் காலத்தில் வந்தவர்கள் என்பது அவர்களைப் பற்றி வழங்கும் செய்தி. இவர்களின் கூத்தை மு. இராமசாமி, அ.கா. பெருமாள் ஆகியோர் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆந்திரத்தில் இதே தொழிலைச் செய்பவர்கள் ஆரே என்ற பெயரில் மராத்தி வழி மொழி பேசுகிறார்கள். கர்நாடகத்தில் கில்லேக்யாத்தர், சிள்ளேக்யாத்தர் என்ற பெயரில் அதுபோலவே. ஆற்றங்கரைகளில் மீன்பிடித்தும் அவர்கள் பிழைத்தார்கள்.

கன்னடப் பெயரைக் கவனியுங்கள். அது கோமாளிப் பாவையின் பெயர். ஒரு மக்கள் கூட்டம் தான் ஆட்டிய கோமாளியின் பெயராலேயே சாதியாக எழுதப்பட்டது. இராமனையும் அவர்கள்தான் ஆட்டினார்கள், இராமன் பெயரை யாரும் அவர்களுக்கு வைக்கவில்லை.

1950களில் மொழிவழி மாநிலங்கள் உருவானபோது, ஒரு காலத்தில் வண்டி கட்டிக் கடந்த பாதைகளில் எல்லைக்கோடு விழுந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் சிள்ளேக்யாத்தர் பெயர் கர்நாடகத்தின் பட்டியல் சாதிகளுக்குள் இருக்கிறது. இந்தப் பக்கம் தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் மண்டிகர் பெயர் இல்லை. ஆந்திரத்தின் பட்டியலில் ஆரே பெயரும் இல்லை. தோல் சுரண்டும் கை ஒன்று, வீட்டு மொழி ஒன்று, நாடோடி வாழ்வு ஒன்று. அரசாங்கத்தின் ஏட்டில் மட்டும் வெவ்வேறு. சாதிச் சான்றிதழ் கேட்டுப் போகும் நாடோடிக் குடும்பத்திடம் அதிகாரி நிலப்பத்திரம் கேட்பார், நிரந்தர முகவரி கேட்பார், தகப்பனாரின் பள்ளிச் சான்றிதழ் கேட்பார். ஊர் ஊராகக் கூத்து நடத்தியவரின் பெட்டியில் பாவைகள் இருக்கும், பத்திரம் இருக்காது.

மழையும் பிச்சையும்

பாவைக்கூத்து நடத்தினால் மழை பெய்யும் என்ற நம்பிக்கை நம் கிராமங்களில் இருந்தது. வானம் பொய்த்தால் கூத்துக்காரரைத் தேடிப் போய் அழைத்துவருவார்கள். பாவைகளுக்குப் பூசை செய்துதான் கூத்துத் தொடங்கும். இனி ஆட முடியாத அளவுக்குத் தேய்ந்த பாவையைக் குப்பையில் போடாமல் ஆற்றில் விடும் வழக்கமும் உண்டு. தோல் பாவையானதும் தீட்டுக் கழிந்துவிடுகிறது. அதைச் செய்த கைக்கு மட்டும் அது கழிவதில்லை. மழைக்குக் கூப்பிட்ட ஊர் அவர்களை ஊர்ப்பொதுவிடத்திலோ புறம்போக்கிலோ தங்கவைத்தது, மழை பெய்ததும் அனுப்பிவைத்தது.

பின்னால் சினிமாக் கொட்டகை வந்தது, தொலைக்காட்சி வந்தது. எண்ணெய் விளக்குப் போய் பெட்ரோமாக்ஸ் வந்து, அதுவும் போய் மின்விளக்கு வந்தது. சினிமாப் பாட்டுக்குப் பாவைகளை ஆடவிட்டுப் பார்த்தார்கள். மரபைக் கெடுத்துவிட்டார்கள் என்று அதைக் குறை சொன்னவர்கள் உண்டு. சொன்னவர்களுக்கு மாதச் சம்பளம் இருந்தது.

சட்டமும் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. 1959ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுத்தல் தடைச் சட்டம், பாடுவது, ஆடுவது, குறி சொல்வது, வித்தை காட்டுவது ஆகியவற்றின் பேரில் பொதுவிடத்தில் காசு வாங்குவதையும் பிச்சை என்றே வரையறுத்தது. அந்தச் சட்டம் தில்லிக்கும் பொருந்தியது. இராஜஸ்தானிலிருந்து வந்த கட்புதலி பாவைக்கலைஞர்களான பாட் சமூகத்தினர் தில்லி ஷாதிப்பூரில் குடியேறியதால் அந்த இடத்துக்கே கட்புதலி காலனி என்று பெயர் வந்தது. குடியரசு நாட்டின் பண்பாட்டுத் தூதர்களாக வெளிநாடுகளுக்குப் போய் ஆடிவிட்டு வந்தவர்களும் அங்கே குடிசையில்தான் வாழ்ந்தார்கள். தெருவில் ஆடினால் அதே சட்டம் அவர்களைப் பிச்சைக்காரர் என்றது. பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கிய பிரிவுகளைத் தில்லி உயர் நீதிமன்றம் 2018இல் செல்லாதவை என்றது. அதற்கு முந்தைய ஆண்டே, மறுசீரமைப்புத் திட்டத்துக்காகக் கட்புதலி காலனி இடிக்கப்பட்டுவிட்டது.

எதைக் காப்பாற்றுவது

இப்போது பாராட்டுகள் வருகின்றன. ஆந்திரத்தின் நிம்மலகுண்டாவைச் சேர்ந்த தளவாய் சலபதி ராவுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்தைச் சேர்ந்த பீமவ்வா தொட்டபாளப்பா சிள்ளேக்யாத்தராவுக்குத் தொண்ணூறு வயதைத் தாண்டியபின் 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கோமாளியின் பெயரால் எழுதப்பட்ட சாதிப்பெயர், நாட்டின் விருதுப் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயரோடு ஏறியிருக்கிறது. இதில் நமக்கு மகிழ்ச்சி உண்டு. ஆனால் ஒரு விருது ஒரு குடும்பத்துக்கு வரும், சான்றிதழும் மனையும் ஒரு சமூகத்துக்கு வர வேண்டும்.

நிம்மலகுண்டாவில் இன்று அதே தோலில் விளக்குக் கூடுகளும் சுவர் அலங்காரங்களும் செய்து விற்கிறார்கள். பாவை ஆடுவதில்லை, அறைக்கு அழகு தருகிறது. இதைக் கலையின் சாவு என்று சொல்ல நாம் தயாரில்லை. பத்து இரவு தொண்டை கிழியப் பாடியதற்குக் கிடைக்காத காசு, ஒரு விளக்குக் கூட்டுக்குக் கிடைக்கிறது என்றால் குற்றம் கலைஞரிடம் இல்லை. பழைய பாவைகள் பெங்களூர் சித்ரகலா பரிஷத்திலும் ஜெர்மனியின் லிண்டன் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. உலகின் பல அருங்காட்சியகங்களில் பாவையின் அடியில் ஊரும் காலமும் எழுதியிருக்கும், உளி பிடித்தவரின் பெயர் எழுதியிருக்காது. ஓவியருக்குக் கையெழுத்து உண்டு, தோல் அறுத்தவருக்கு இல்லை.

பறையின் வரலாற்றில் நாம் இந்தக் கேள்வியை ஏற்கெனவே சந்தித்தோம். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்ததும் நம் போராட்டம்தான். அதே பறையை விடுதலையின் இசையாக மேடையேற்றியதும் நம் போராட்டம்தான். இரண்டுக்கும் அடிப்படை ஒன்று: வைப்பதா எடுப்பதா என்பதை ஊர் முடிவு செய்யக்கூடாது, நாம் முடிவு செய்ய வேண்டும்.

தோல்பாவைக்காரரின் பிள்ளைகளுக்கும் அதே உரிமை வேண்டும். பாவையை எடுப்பவருக்கு நியாயமான கூலியும் மேடையும் கிடைக்க வேண்டும். பாவையை விட்டு மருத்துவமோ சட்டமோ படிக்கப் போகும் பிள்ளைக்குச் சான்றிதழும் உதவித்தொகையும் கிடைக்க வேண்டும். மரபு அழிகிறதே என்று அந்தப் பிள்ளையிடம் போய்ப் புலம்ப நமக்கு உரிமை இல்லை. ஒரு குடும்பம் ஏழையாகவே இருந்தால்தான் ஒரு கலை உயிரோடு இருக்கும் என்றால், அந்தக் கணக்கைத்தான் முதலில் அழிக்க வேண்டும்.

நம் அமைப்புகள் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. நம் மாவட்டங்களில் வாழும் பாவைக்கூத்துக் குடும்பங்களைத் தேடிப்போய், முதியவர்களின் நினைவில் உள்ள பாட்டையும் தோல் பக்குவத்தையும் அவர்கள் பெயரிலேயே பதிவு செய்யலாம். சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கும்போது கூட நடக்கலாம். நம் கலை இரவுகளில் பறைக்குப் பக்கத்தில் பாவைத் திரையும் கட்டலாம். கூத்து முடிந்து கைதட்டும்போது திரையை விலக்கி, உள்ளே இருப்பவரை வெளியே வரச் சொல்லலாம். இத்தனை நூற்றாண்டாகப் பாவையைப் பார்த்த ஊர் அவருடைய முகத்தையும் பார்க்கட்டும்.