இளையராஜாவின் ‘திருவாசகம்’: ஓதல் மரபும் ஒரு முதுபருவப் படைப்பும்

இளையராஜாவின் ‘திருவாசகம்’ இசைத்தொகுப்பு 2005-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் சென்னையில் வெளியிடப்பெற்றது. இசையமைத்துப் பெரும்பகுதியைத் தாமே பாடிய அவருக்கு அப்போது அகவை 62. ‘அன்னக்கிளி’ (1976) வழியாகத் திரையுலகில் அறிமுகமாகி 29 ஆண்டுகள் கடந்திருந்தன. தமிழ் மையத்தின் முயற்சியால் உருவான இத்தொகுப்பில் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது.

மக்கள் வழக்கில் இது ‘சிம்பொனி’ எனப்படினும், சமயப் பாடலைத் தனிக்குரல், குழுக்குரல், பல்லியம் ஆகியவற்றால் நிகழ்த்தும் ‘ஆரட்டோரியோ’ வகையைச் சார்ந்ததாகும். ஹாண்டெலின் ‘மெசையா’ (1742) அவ்வகைக்குப் புகழ்பெற்ற சான்று.

மணிவாசகர் வாக்குக்கு மேலைப் பல்லியம் பொருந்துமா என்னும் வினா இங்கு எழுகிறது. தேவாரப் பதிகங்கள் பண்முறையில் பாடப்பெறுகின்றன. திருவாசகத்தையோ பெரும்பாலும் மோகன இராகத்திலேயே ஓதுவது மரபு. எனவே, பகுதிதோறும் தனி இசை அமைக்க இசையமைப்பாளருக்கு இடமிருந்தது. மேலும், இத்தொகுப்பில் இடம்பெறும் திருப்பொற்சுண்ணம், மகளிர் கூடிச் சுண்ணம் இடித்துப் பாடுவதாக அமைந்தது. அத்தகைய பாடலுக்குக் குழுக்குரல் அயலானதன்று. நூலிலேயே அதற்கு அடிப்படை உண்டு.

இளையராஜாவின் தேர்வும் வரிசையும் கருதத்தக்கவை. நூலின் 51 பகுதிகளுள் ஆறிலிருந்து மட்டுமே பாடல்கள் எடுக்கப்பட்டுள்ளன. நூலில் 45-ஆவதாக உள்ள யாத்திரைப் பத்து இங்கு முதலில் வருகிறது. நூலின் முதற்பகுதியான சிவபுராணம் இரண்டாவதாக, ஸ்டீபன் சுவார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகளுடன் ஒலிக்கிறது. திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம் ஆகியன தொடர, அச்சப்பத்து நிறைவாகிறது. அடியாரைப் புறப்பட அழைக்கும் பாடலில் தொடங்கி, உலகோர் அஞ்சுவனவற்றுக்கு அஞ்சாமல் அன்பிலாரைக் கண்டே அஞ்சும் நெஞ்சில் முடிகிறது இவ்வமைப்பு. பாடல்களை வரிசை மாற்றி அடுக்கியதே ஒருவகை உரை எனலாம்.

ஜி. யு. போப் தம் திருவாசக ஆங்கில மொழிபெயர்ப்பை 1900-இல், எண்பதாம் அகவையில் வெளியிட்டார். அவரும் நெடுநாள் பயின்ற கருவிகளோடு முதுமையில் இந்நூலை அணுகியவரே. போப் தம் மொழியை இந்நூலுக்கு அளித்தார். இளையராஜா தம் இசையை அளித்தார்.

தமிழகத்திலும் மலேசியக் கோயில்களிலும் நிகழும் முற்றோதலுக்கு இத்தொகுப்பு மாற்றாகாது. முற்றோதல் நூலை முழுமையாகக் காக்கிறது. இத்தொகுப்பு அந்நூலுக்குப் பொருள் காண்கிறது. திருவாசகத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்வாராயின், மாணவர்க்கு நூலின் இசைத்தன்மை எளிதில் விளங்கும்.